வாழைக்குச் சாம்பல்

கம்பாலா
9 பிப்ரவரி 1992

கர்த்தருக்குள் அன்பான தங்கை எசேரிக்கு,

ஸ்தோத்திரம். நானும் உன் அண்ணி லாகேரியும் சுகம். அவளுடைய முழங்கால் வலி மட்டும் புது வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. உன் சுகத்துக்காகவும், அந்தப் பாலைவன நாட்டில் நீ போடும் ஆழ்துளைக் கிணறுகளுக்காகவும் தினமும் ஜெபிக்கிறோம்.

புது வீடு என்றதும் உனக்குப் புரிந்திருக்கும். பேராயர் என்னைப் புசூஜு கிராமத்துச் சபையிலிருந்து தூக்கிப் பல்கலைக்கழக மலையில் கொண்டுவந்து போட்டுவிட்டார். இருபது வருஷமாகக் காப்பித் தோட்டக்காரர்களோடும் அவர்களுடைய மாடுகளோடும் பழகினவன் நான். இங்கே வலது பக்கத்து வீட்டில் ஒரு பேராசிரியர், இடது பக்கத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே பேராசிரியர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மணி அடிக்கும்போது அவர்கள் கார் கழுவுகிறார்கள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார்கள், மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் கோயிலுக்கு வருவார்கள். நடுவில் கடவுள் அவர்களுக்குத் தேவைப்படுவதில்லை. விசாரித்தால் பாதிப்பேர் நம்மைப்போல எழுப்புதல் கூட்டத்து வீடுகளில் பிறந்தவர்கள். அவர்களுடைய அப்பாக்கள் நம் அப்பாவோடு ஒரே கூடாரத்தில் அழுதவர்கள்.

பேராயர் எனக்கு ஒரு வருஷம் கொடுத்திருக்கிறார். "அடுத்த ஈஸ்டருக்குள்ள பத்துப் பேரையாவது கொண்டு வா யோனசானி. இல்லன்னா அந்த வீட்டை மாணவர் விடுதிக்குக் குடுத்துட்டு நீ உன் மாட்டுக்கிட்டயே போயிடு" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. திரும்பிப் போவது எனக்குப் பெரிதில்லை. இந்த ஜனங்களை இப்படியே விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

வெளிநாட்டில் அச்சடித்த ஒரு கையேடும் தந்தார்கள். படித்தவர்களை ஆதாயப்படுத்த ஏழு வழிகள். முதல் வழிப்படி 'விஞ்ஞானமும் விசுவாசமும்' என்று ஒரு சொற்பொழிவு வைத்து எண்பது நாற்காலி போட்டேன். ஐந்து பேர் வந்தார்கள். அதில் ஒருவர் மின்விசிறி பழுது பார்க்க வந்தவர்.

நீ அவர்களுக்குச் சமமாகப் படித்தவள். அவர்களோடு எப்படிப் பேசுவது என்று நீதான் சொல்ல வேண்டும். நான் கொண்டுவந்த முதல் கனியே நீதானே. அறுபத்தேழில் அந்த வெள்ளிக்கிழமைச் சாட்சிக் கூட்டத்தில் நீ எழுந்து நின்றாய், மிரியாமு அத்தை உன்னைக் கட்டிக்கொண்டார். அந்த நாளை நினைத்துக்கொண்டால் இன்றைக்கும் எனக்குத் தைரியம் வந்துவிடும்.

அங்கே எந்தக் கோயிலுக்குப் போகிறாய்? குருவானவர் நல்லவரா? போன கடிதத்திலும் கேட்டிருந்தேன்.

இயேசுவின் அன்பில்,
உன் அண்ணன் யோனசானி செகிட்டோ


காபரோனி
3 மார்ச் 1992

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். வீட்டில் நானும் ஒரு பூனையும், அதுவும் நலம். அண்ணியின் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். ராத்திரி தடவிவிட்டுக் கம்பளித் துணி சுற்றச் சொல்லுங்கள். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. போன மாதம் மூன்று இடத்தில் துளை போட்டோம், ஒன்றில்தான் தண்ணீர்.

எண்பது நாற்காலி விஷயத்தைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன், மன்னியுங்கள். புசூஜுவில் யார் வீட்டு மாடு எப்போது கன்று போடும் என்று தெரிந்து அதற்கு முந்தின நாளே போய் நிற்பீர்களே, அந்த மனுஷன் எங்கே போனார்? அங்கே நீங்கள் எந்தக் கையேட்டைப் பார்த்தீர்கள்?

கேட்டதால் சொல்கிறேன். அவர்கள் வாரம் முழுக்க மற்றவர்களுடைய கேள்விக்குப் பதில் சொல்லி ஓய்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வந்து, நீங்கள் கேட்காத கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது என்று நின்றால் கார் கழுவத்தான் போவார்கள். ஆகவே நீங்கள் போய்க் கேளுங்கள். உங்களுக்கு நிஜமாகவே தெரியாத ஒன்றைக் கேளுங்கள். அவர்கள் சொல்லி முடித்ததும் அதன் வாலில் ஒரு வசனத்தைக் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள். அது உங்களுக்குக் கஷ்டம், எனக்குத் தெரியும்.

அந்தக் கையேட்டைக் கால் ஆடும் மேஜைக்கு முட்டுக் கொடுக்கலாம்.

அன்புடன்,
எசேரி


கம்பாலா
26 ஏப்ரல் 1992

கர்த்தருக்குள் அன்பான தங்கைக்கு,

ஸ்தோத்திரம். தைலம் கேட்டது. லாகேரி படி ஏறுகிறாள், உனக்கு ஆயிரம் நன்றி சொல்லச் சொன்னாள். உன் கிணறுகள் எப்படி?

நீ சொன்னதைச் செய்தேன். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் வாழைகள் குலை தள்ளுவதற்கு முன்பே சாய்ந்துகொண்டிருந்தன. ஏனென்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. வலது பக்கத்து வீட்டுப் பேராசிரியர் லுப்வாமா தாவரவியல்காரர். இரட்டைப் பிள்ளைகளின் தகப்பன் என்பதால் எல்லோரும் அவரை வழக்கப்படி சலோங்கோ என்றுதான் கூப்பிட வேண்டும். கடவுளை விட்டவர் அந்தப் பட்டத்தை மட்டும் விடுவதாயில்லை. சாய்ந்த கன்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றேன்.

கார் கழுவுவதை அப்படியே போட்டுவிட்டு வந்தார். மண்டியிட்டு உட்கார்ந்து கிழங்கை வெட்டி, உள்ளே ஓடுகிற துளைகளைக் காட்டினார். "ரெவரெண்ட், இது பாவத்தோட சம்பளம் இல்ல. கூன்வண்டு" என்றார். நான் வாய்வரை வந்த வசனத்தை விழுங்கினேன். நீ பார்த்திருந்தால் மெச்சியிருப்பாய். இரண்டு மணி நேரம் இருந்து, டீ குடித்து, லாகேரியின் சப்பாத்தியில் நாலைக் காலி செய்துவிட்டுப் போனார்.

அடுத்த வியாழக்கிழமை வாழையைப் பார்க்க வருகிறேன் என்று அவரே வந்தார், கூட ஒரு டாக்டர். அதற்கடுத்த வாரம் சட்டம் சொல்லித்தரும் ஒருவரும், இடது பக்கத்து வீட்டுக் கணிதப் பேராசிரியை அம்மாவும். இப்போது வியாழன் மாலை என்றால் நாலு நாற்காலி நிரம்பிவிடுகிறது. எல்லாம் பேசுகிறார்கள். செத்துப்போனால் என்ன ஆகும் என்பதுவரை வந்துவிட்டோம்.

ஒன்றுதான் புரியவில்லை. போன வாரம் அந்த அம்மா, "இங்க பேசறது உங்க வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் போகுமா?" என்று கேட்டார். நாங்கள் வெளிச்சத்தில் நடக்கிறவர்கள், எங்களுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது என்றேன். லுப்வாமா சிரித்தார். "எங்கம்மா அந்தக் கூட்டத்துல எந்திரிச்சு, நான் பத்து வயசுவரைக்கும் பாயை நனைச்சதையும் சாட்சியாச் சொன்னவங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மழையைப் பற்றிப் பேசிவிட்டுச் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள்.

எந்தக் கோயில் என்று நீ எழுதவில்லையே.

இயேசுவின் அன்பில்,
யோனசானி


காபரோனி
20 மே 1992

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் கடிதத்தை வேலைக்குப் போன இடத்துக்கும் எடுத்துக்கொண்டு போனேன். வாழைக் கன்றைத் தூக்கிக்கொண்டு பேராசிரியர் வாசலில் நீங்கள் நின்ற காட்சியை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. வண்டுக்கு அடிமரத்தைச் சுற்றி அடுப்புச் சாம்பல் போடுங்கள். அப்பா போடுவார்.

அவர்கள் ஏன் பேச்சை மழைக்கு மாற்றினார்கள் என்று உங்களுக்குப் புரியவில்லை என்பதால் இதை எழுதுகிறேன். இது உங்களுக்கு மட்டும்.

எனக்கு ஒரு சிநேகிதி இருக்கிறாள். நம்மைப் போன்ற வீட்டில் வளர்ந்தவள். பதினேழு வயதில் அவளுக்கு ஒரு பயம் வந்தது. ஜெபிக்கும்போது அந்தப் பக்கம் யாரும் இருப்பதாகத் தோன்றவில்லை. அந்த வயதில் அது எவ்வளவு பெரிய பயம் தெரியுமா. உலகத்திலேயே அதிகம் நம்பின ஒருவரிடம் அதைச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. அவளுக்காக அழுதார். அழுதுகொண்டே அதை வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குக் கொண்டுபோனார்.

அவளை நடுவில் நிறுத்தினார்கள். ஒருவரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் கோபித்துக்கொண்டு போயிருப்பாள். அன்பாக, அவ்வளவு அன்பாகத் தலைமேல் கை வைத்தார்கள், பாடினார்கள், விசுவாசிக்கிறாயா என்று கேட்டார்கள். ஆம் என்றாள். வேறென்ன சொல்வாள்? அன்று சொன்னது பொய். அதற்குப் பிறகு அவள் எவரிடமும் எதையும் சொன்னதில்லை.

சந்தேகம் அவளைத் துரத்தவில்லை, அண்ணா. சந்தேகத்தைச் சொல்ல ஓர் இடம் இல்லாமல் போனதுதான் துரத்தியது. அந்தப் பாட்டு அவளுக்கு இன்றைக்கும் வேண்டியிருக்கிறது. வேலைக்குப் போகிற ஊர்களில் எங்காவது ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக் கேட்டால் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்குவாள், உள்ளே போக மாட்டாள்.

உங்கள் மலையில் இருப்பவர்கள் அவளைப் போன்றவர்கள் என்று நினைக்கிறேன்.

அண்ணிக்கு அன்பு.

எசேரி


கம்பாலா
12 ஜூலை 1992

கர்த்தருக்குள் மிகவும் அன்பான என் தங்கைக்கு,

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். சுகமாயிருக்கிறாயா?

உன் கடிதத்தை நான் பத்துத் தடவை படித்தேன். இருபது வருஷப் பிரசங்கத்தில் எனக்குத் தெரியாதது அந்த ஒரு பக்கத்தில் இருந்தது. இதை என் பெட்டிக்குள் பூட்டி வைப்பது பாவம் என்று பட்டது. உன் பேரோ உன் சிநேகிதியின் பேரோ அதில் இல்லை. ஆகவே வருஷாந்தரக் கன்வென்ஷனில், நானூறு பேர் முன்னால், மலையின் ஜனங்களை நாம் ஏன் இழந்தோம் தெரியுமா என்று கேட்டு அதை வாசித்தேன்.

முடித்ததும் மிரியாமு அத்தை கோலை ஊன்றிக்கொண்டு எழுந்தார். எண்பது வயது. "அந்த சிநேகிதி யாருன்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு அவ தலையில கை வச்சவளே நான்தான். அது நம்ம எசேரி" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. நானூறு பேர் முழங்காலில் நின்று உன் பேரைச் சொல்லி ஜெபித்தார்கள். நீ கேட்டிருக்க வேண்டும். அத்தை வயதான காலத்தில் எதையோ எதோடோ குழப்பிக்கொள்கிறார் என்கிறாள் லாகேரி. அப்படியென்றால் எழுது, நான் சரிசெய்துவிடுகிறேன். அது நீயே என்றாலும் அத்தனை பேருடைய ஜெபம் வீண்போகுமா?

பேராயர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். அந்தக் கடிதத்தைச் சிறு புத்தகமாக அச்சடித்து எல்லாச் சபைகளுக்கும் அனுப்பப் போகிறாராம். பத்துப் பேர் பேச்சையே எடுக்கவில்லை. இன்னும் இரண்டு வருஷம் நீ மலையிலேயே இரு என்றார். உன்னால் வந்தது இது.

சீக்கிரம் பதில் எழுது.

இயேசுவின் அன்பில்,
யோனசானி


கம்பாலா
30 ஆகஸ்டு 1992

அன்பான தங்கைக்கு,

ஸ்தோத்திரம். ஏழு வாரமாகிறது. உடம்புக்கு ஏதாவதா? உன் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்யச் சொன்னேன். வேலைக்கு வருகிறாள், நலம் என்றார்களாம்.

ஐந்து வியாழக்கிழமைகளாக நாற்காலிகள் காலி. கணிதப் பேராசிரியையைப் பெற்ற தாயாரும் கன்வென்ஷன் கூடாரத்தில் இருந்திருக்கிறார், நடந்ததை மகளிடம் சொல்லியிருக்கிறார். நேற்று லுப்வாமா மட்டும் வந்தார், உட்காரவில்லை. வாழைக்குச் சாம்பல் போட்டிருப்பதைப் பார்த்தார். நல்லது என்றார். வாசலில் நின்று, "ரெவரெண்ட், நீங்க நல்ல மனுஷன். ஆனா சொந்தத் தங்கச்சி சொன்னதையே உங்களால வயித்துல வச்சுக்க முடியல. நாங்க எதை நம்பி வாயைத் திறக்கறது?" என்றார்.

லாகேரி இன்னமும் வியாழக்கிழமை சப்பாத்தி போடுகிறாள். நாங்களே சாப்பிடுகிறோம்.

யோனசானி


கம்பாலா
4 அக்டோபர் 1992

எசேரிக்கு,

நீ சுகமாயிருக்க வேண்டும். இதற்கும் பதில் எழுத வேண்டும் என்று நான் கேட்கப் போவதில்லை.

உன் பழைய கடிதங்களையெல்லாம் வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தேன். அறுபத்தெட்டிலிருந்து ஒன்றில்கூட ஸ்தோத்திரம் இல்லை. எந்தக் கோயில் என்று நான் கேட்ட இடத்திலெல்லாம் நீ பூனையைப் பற்றியோ வெயிலைப் பற்றியோ எழுதியிருக்கிறாய். இத்தனை வருஷம் இது என் கையில்தான் இருந்தது.

அந்தப் பலாமரமும் நினைவுக்கு வந்தது. பழத்தைப் பிளந்துகொண்டிருந்தோம், கையெல்லாம் பிசின். அப்போதுதான் அந்தப் பயத்தைச் சொன்னாய். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. நான் உன்னைக் காப்பாற்றுகிறதாக நினைத்தேன். என் முதல் கனி என்று இருபத்தைந்து வருஷமாக எத்தனை மேடையில் சொல்லியிருப்பேன் தெரியுமா. உனக்கு அது எப்படியிருந்தது என்று நீ சிநேகிதி பேரைச் சொல்லி எழுதிக் காட்டிய பிறகும் எனக்குத் தெரியவில்லை. அதையும் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்குப் போனேன். ஒரே ஆளுக்கு ஒரே தவறை இரண்டு தடவை செய்திருக்கிறேன்.

நமக்கு ஒரு வழி பழக்கம். தப்புச் செய்தால் வெள்ளிக்கிழமை எழுந்து எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது. அவர்கள் பாடுவார்கள், பாரம் இறங்கிவிடும். நேற்று முன்தினம் அதற்காகத்தான் போனேன். எழுந்தும் நின்றேன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அப்போது தோன்றியது: நான் இதைச் சொன்னால் என் பாரம் இறங்கும், உன் கதை மூன்றாவது தடவை சொல்லப்படும்.

உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருஷத்தில் எழுந்து நின்று ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. பாட்டு இல்லை. பக்கத்தில் இருந்தவர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். பாரம் அப்படியேதான் இருக்கிறது. இது எனக்கு இருக்க வேண்டியதுதான். உன்னிடம் மட்டும் சொல்கிறேன்: என்னை மன்னித்துக்கொள்.

பேராயரிடம் போய்ப் புத்தகம் அச்சடிக்க வேண்டாம் என்று கடிதத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். ஏன் என்றார். சொல்ல முடியாது என்றேன். எழுப்புதல் கூட்டத்து மனுஷன் சொல்ல முடியாது என்கிறானா என்று அவருக்கு ஆச்சரியம், பிறகு வருத்தம். அந்த இரண்டு வருஷம் போய்விட்டது. பழையபடி ஈஸ்டருக்குள் பத்துப் பேர்.

உன் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அது உன்னுடையது.

யோனசானி


காபரோனி
15 நவம்பர் 1992

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீங்களும் அண்ணியும் நலம்தானே.

ஜூலைக் கடிதத்தைப் படித்துவிட்டு இனி உங்களுக்கு எழுதுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அடுத்ததைத் திறக்கவே இல்லை. மூன்றாவதில் என்னுடைய கடிதம் இருந்ததால் உறை கனமாக இருந்தது, அதனால் திறந்தேன்.

நீங்கள் இதுவரை ஆறேழு தடவை கேட்டிருப்பீர்கள். பதில் இதுதான். நான் எந்தக் கோயிலுக்கும் போவதில்லை. கம்பாலாவை விட்ட நாளிலிருந்தே போவதில்லை. ஜெபிப்பதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் கார்தான் கழுவுகிறேன்.

எழுதிவிட்டேன். ஒன்றும் இடிந்து விழவில்லை.

கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். நானூறு பேர் என்பதை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது. ஆனால் நீங்கள் எழுந்து நின்று உட்கார்ந்தீர்கள் என்ற வரியைத் துளை போடும் இடத்தில், லாரி நிழலில் நின்று படித்தேன். ஆட்கள் என்னம்மா ஆச்சு என்று கேட்டார்கள். அப்பாவால் அது முடிந்திருக்காது. நான் திருடித் தின்ற வெட்டுக்கிளி வறுவலைக்கூட அவர் தன் சாட்சியில் சேர்த்துச் சொன்னவர். நம் கூட்டத்தில் வேறு யாராலும் முடிந்திருக்காது. உங்களுக்கு அது என்ன விலை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அங்கே வளர்ந்தவள். என் அண்ணனை நினைத்து எனக்குப் பெருமை. போன கடிதத்தில் பெருமை என்று எழுதியது பாதி உங்களை உற்சாகப்படுத்த, இப்போது முழுக்க நிஜம்.

ஈஸ்டர் விடுமுறைக்கு வரலாமென்று பார்க்கிறேன். கோயிலுக்கு இல்லை. வியாழக்கிழமைக்கு.

எசேரி


கம்பாலா
13 டிசம்பர் 1992

கர்த்தருக்குள் அன்பான தங்கைக்கு,

ஸ்தோத்திரம். இதை நான் எழுதாமல் இருக்க முடியாது, நீ எழுதத் தேவையில்லை. உன் கடிதம் வந்தது. அதைப் பற்றி வேறெதுவும் எழுதவில்லை. லாகேரிகூட என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டாள். நலமாம், ஈஸ்டருக்கு வருகிறாளாம் என்றேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை கதவு தட்டப்பட்டது. லுப்வாமா, டாக்டர், சட்டக்காரர், கணித அம்மா, இன்னும் புதிதாக மூன்று பேர். நான் பேராயரிடம் வாயைத் திறக்க மறுத்தது அவருடைய அலுவலகக் குமாஸ்தா வழியாக மலை முழுக்கப் பரவிவிட்டிருந்தது. "எழுப்புதல்காரன் ஒருத்தன் வாயை மூடிட்டானாமே. அந்த அதிசயத்தைப் பார்க்கத்தான் வந்தோம்" என்றார் லுப்வாமா. கணித அம்மா மட்டும் சிரிக்காமல், ரகசியம் என்னவென்று சொல்லுங்களேன் என்று என்னைச் சோதித்துப் பார்த்தார். டீயில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.

இப்போது ஒன்பது பேர். போன வியாழன் எல்லோரும் போன பிறகு லுப்வாமா பின்தங்கி, என்னோடு வாழை பக்கம் நடந்து வந்து ஒன்று சொன்னார். அது என்னவென்று உனக்கு எழுத மாட்டேன்.

வெட்டுக்கிளி வறுவல் ஒரு டப்பா, அங்கே வேலைக்குப் போகிற நர்ஸ் பெண்ணிடம் கொடுத்திருக்கிறேன். இதைத் திருட வேண்டியதில்லை.

யோனசானி


காபரோனி
20 ஏப்ரல் 1993

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். பூனை என்னோடு பேசுவதில்லை, அதைத் தவிர எல்லாம் நலம். அண்ணி கட்டிக்கொடுத்த வேர்க்கடலைப் பொடி உடையாமல் வந்தது.

புசூஜுவுக்குத் திரும்ப வீடு முழுக்க மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் வந்து உங்களுக்குத் தொல்லை கொடுத்தேன். எத்தனை பேர் மனம் திரும்பினார்கள் என்று பேராயர் கேட்டதற்கு, அது என்னிடம் சொல்லப்பட்ட விஷயம், சொல்வதற்கில்லை என்று நீங்கள் பதில் எழுதியதாக அண்ணிதான் சொன்னார். கணக்கில்லாத ஊழியத்தை நான் எப்படிக் காப்பாற்றுவேன் என்று அந்த மனுஷரும் வருத்தப்பட்டாராமே. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பத்து வேண்டாம், ஒரே ஒருவரைக் காட்டியிருந்தால்கூட நீங்கள் அங்கேயே இருந்திருக்கலாம். காட்டவில்லை.

அந்த வியாழக்கிழமை மாலை முழுக்க நான் காத்திருந்தேன். இப்போது கேட்பார், இப்போது என் தலைமேல் கை வைப்பார் என்று. நீங்கள் கேட்டது ஒன்றுதான், இன்னொரு சப்பாத்தி வேண்டுமா என்று. அதனால்தான் எல்லோரும் போன பிறகு வாழை பக்கம் உங்களோடு நடந்து வந்தேன்.

அங்கே நான் சொன்னதைப் பற்றி இங்கே எழுதவில்லை. சொல்ல முடிந்தது என்பதே எனக்குப் போதும். நீங்கள் ஒன்றும் பதில் சொல்லவில்லை, கையைப் பிடித்துக்கொண்டீர்கள். இருபத்தாறு வருஷம் கழித்து அந்தப் பலாமரத்தடியிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போனமாதிரி இருந்தது.

புசூஜு வாழைக்கும் சாம்பல் போடுங்கள். அங்கேயும் வண்டு இருக்கும்.

எசேரி


புசூஜு
9 மே 1993

கர்த்தருக்குள் அன்பான தங்கைக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் சுகம். லாகேரிக்கு இங்கே படிகள் இல்லாததால் முழங்கால் தேவலை. மாடுகள் என்னை அடையாளம் கண்டுகொண்டன, சபையார்தான் கொஞ்சம் யோசித்தார்கள். மலையில் ஓர் ஆளைக்கூடக் கொண்டுவர முடியாமல் திரும்பியவன் என்று பேச்சு. பேசட்டும்.

இங்கே வந்த முதல் வியாழக்கிழமை மாலை எனக்கு ஒன்றும் ஓடவில்லை. லாகேரி பழக்கத்தில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துவிட்டாள். இத்தனையை யார் தின்பது என்று திட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் வண்டிச் சத்தம். லுப்வாமாவின் பழைய கார், மேலெல்லாம் செம்மண். அதிலிருந்து ஐந்து பேர் இறங்கினார்கள். நாற்பது மைல், குண்டும் குழியுமான ரோடு. "இந்த ஊர் வாழை எப்படியிருக்குன்னு பார்க்க வந்தோம்" என்றார் லுப்வாமா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கு மேல் அன்றைக்கு நடந்தது அவர்களுடையது.

இதையும் எழுதிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு மிரியாமு அத்தை வந்திருந்தார். பாட்டு முடிந்ததும் கோலை ஊன்றிக்கொண்டு எழுந்து, எல்லோர் முன்னாலும் கேட்டார்: "யோனசானி, எசேரி வந்துட்டுப் போனாளாமே. நாங்க எல்லாரும் ஜெபிச்சவ. உங்கிட்ட என்ன சொன்னா?"

கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் எழுந்து நின்றேன்.

"வாழைக்குச் சாம்பல் போடச் சொன்னா அத்தை" என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

உன் அண்ணன்,
யோனசானி